கிளிப்பின் வேகம் சரியில்லையா? வீட்டில் வீடியோ எடிட் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடிட்டிங் பழகுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது வேகம். படம் தத்துகிறது, குரல் கீச்சிடுகிறது, உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று போகிறது. பார்த்தால் வெவ்வேறு நோய் மாதிரி இருக்கும். பெரும்பாலும் வேர் ஒன்றுதான். கேமரா நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) எடுத்தது, கிளிப்புகளை அடுக்கும் டைம்லைன் நொடிக்கு எத்தனை ஃபிரேம் கேட்கிறது என்ற இரண்டு எண்களும் ஒத்துப்போவதில்லை. அந்த எண்களைப் பார்க்காமல் வேகத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது, பிழை எங்கே என்று தெரியாமல் விடையை மட்டும் திருத்துவது போன்றது. அதனால் கீழே வரும் பதில்களில் எண்கள் நிறைய வரும். எல்லாம் கூட்டல், பெருக்கல், வகுத்தல் அளவுதான்.

வேகத்தை 50% ஆக்கினால் படம் தத்தித் தத்தி நகர்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறா?

இல்லை, ஃபிரேம் போதவில்லை. நொடிக்கு 30 ஃபிரேமாக எடுத்த கிளிப்பைப் பாதி வேகத்துக்கு இறக்கினால், திரையில் ஓடும் ஒவ்வொரு நொடிக்கும் கைவசம் இருப்பது 15 ஃபிரேம்தான். மிச்ச இடத்தை நிரப்ப எடிட்டர் (எடிட்டிங் மென்பொருள்) ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டுகிறது. 25%க்கு இறக்கினால் நொடிக்கு ஏழரை ஃபிரேம்தான் மிஞ்சும். கண் அதைத் தத்தலாகப் பார்க்கிறது.

எதுவரை இறக்கலாம் என்பதை முன்பே கணக்குப் போட்டுவிடலாம். டைம்லைனின் ஃபிரேம் எண்ணை கிளிப்பின் ஃபிரேம் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 60 ஃபிரேம் கிளிப் 30 ஃபிரேம் டைம்லைனில் என்றால் 50%. அதே கிளிப் 24 ஃபிரேம் டைம்லைனில் என்றால் 40%. 120 ஃபிரேம் கிளிப்பை 30இல் 25% வரையும், 240 ஃபிரேம் கிளிப்பை 12.5% வரையும் கொண்டுபோகலாம். இந்த எல்லைக்குள் எந்த ஃபிரேமும் இரண்டு முறை வராது.

இன்னொன்றும் கவனியுங்கள். 60 ஃபிரேம் கிளிப்பை 30 டைம்லைனில் 70%க்கு வைத்தால் அதுவும் லேசாகத் தடுக்கும். நொடிக்கு 42 ஃபிரேமிலிருந்து எடிட்டர் 30ஐப் பொறுக்க வேண்டியிருக்கிறது. சில இடத்தில் ஒன்றைத் தாண்டும், சில இடத்தில் தாண்டாது. சீராக வேண்டுமென்றால் 50% அல்லது 100% வையுங்கள். நடுவில் எங்கோ நிறுத்துவது நல்ல பலன் தராது.

ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் எதையும் மெதுவாக்கலாம் என்கிறார்களே?

எதையும் முடியாது. வேகத்தை மாற்றும்போது இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இருக்கிற ஃபிரேமையே திரும்பக் காட்டுவது. இரண்டாவது ஃபிரேம் பிளெண்டிங்: அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமை ஒன்றன் மேல் ஒன்று மங்கலாகப் போர்த்துவது. மூன்றாவது ஆப்டிகல் ஃப்ளோ: ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணித்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய ஃபிரேமைப் புதிதாக வரைவது.

பின்னணி எளிமையாக இருந்து, ஒரே ஒரு உருவம் ஒரே திசையில் நகர்ந்தால் மூன்றாவது வழி அருமையாக வேலை செய்யும். முகத்துக்குக் குறுக்கே கை போனால், தண்ணீர் தெறித்தால், கம்பி வேலிக்குப் பின்னால் யாராவது ஓடினால் எது எதற்கு முன்னால் என்று அதற்குப் புரியாது. விளிம்புகள் உருகி நெளியும். அப்படி நெளிந்த முகத்தைவிடத் தத்தும் முகம் மேல் என்பது என் கருத்து. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் என்ற எடிட்டர்கள் இரண்டிலும் கிளிப் வாரியாக இதை மாற்றலாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபோனில் ஸ்லோ மோஷனில்தான் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டால் சாதாரண வேகத்தில் ஓடுகிறது. மெதுவாக ஓடியது எங்கே போயிற்று?

ஃபோன்கள் ஸ்லோ மோஷனை இரண்டு விதமாகச் சேமிக்கின்றன. ஐஃபோன் போன்றவை 120 அல்லது 240 ஃபிரேமை அப்படியே ஃபைலில் வைத்துவிட்டு, எந்த இடத்தில் மெதுவாக ஓட வேண்டும் என்பதைக் குறிப்பாக மட்டும் எழுதிக்கொள்கின்றன. அந்தக் குறிப்பை ஃபோனின் ஃபோட்டோஸ் ஆப் படிக்கும். உங்கள் எடிட்டர் பெரும்பாலும் படிக்காது. எதுவும் தொலையவில்லை. கிளிப்பின் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணைப் பாருங்கள். 240 என்று இருந்தால், 30 டைம்லைனில் 12.5% வைத்ததும் மெதுவாக ஓடும்.

வேறு சில ஃபோன்கள் பதியும்போதே 240ஐ 30ஆக நீட்டி எழுதிவிடும். அந்த ஃபைல் ஏற்கெனவே மெதுவானது. அதை மேலும் மெதுவாக்கினால் தத்தும். சாதாரண வேகம் வேண்டுமென்றால் 800% வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் உதடும் குரலும் சரியாக இருக்கின்றன. போகப்போக விலகுகின்றன. ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். ஒரு முறை வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து ஃபோனில் ஐம்பது நிமிடம் பேசவைத்துப் பதிந்தேன். எடிட் செய்யும்போது பேச்சு விலகியது. விலகின இடத்திலெல்லாம் வெட்டி, ஒலியை நகர்த்தி, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அதே வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்த இரண்டு நாள் உங்களுக்கும் வீணாகக் கூடாது.

முதலில் விலகலை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: தொடக்கம், நடு, கடைசி. கைதட்டல், கதவு சாத்துவது, கோப்பையை மேசையில் வைப்பது என்று ஏதாவது ஒரு சத்தம் போதும். படத்தில் அது நடக்கும் ஃபிரேமுக்கும் ஒலியலையில் அது எழும் இடத்துக்கும் எத்தனை ஃபிரேம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடத்திலும் ஒரே வித்தியாசம் என்றால் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒலியை அத்தனை ஃபிரேம் நகர்த்தினால் முடிந்தது.

நடுவில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு கடைசியில் இருந்தால், விலகல் சீராக வளர்கிறது. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி அளவில் விலகினால், 29.97 என்ற ஃபிரேம் ரேட் எங்கோ 30 என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். (1953இல் அமெரிக்காவில் கலர் டிவி வந்தபோது கலர் சிக்னலும் ஒலி சிக்னலும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க, 30ஐ ஆயிரத்துக்கு ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தச் சின்னக் குறைவை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம்.) கிளிப்பின் ஃபிரேம் ரேட்டைச் சரியான எண்ணாகப் படிக்கச் சொன்னால் போதும். பிரீமியரில் இது இன்டர்பிரெட் ஃபுட்டேஜ், ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ்.

விலகல் ஒழுங்கே இல்லாமல், ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால், அது மாறும் ஃபிரேம் ரேட். ஃபோன் கேமராக்கள் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. 30 என்று தொடங்கியது 24 வரை இறங்கும், வெளிச்சம் வந்ததும் ஏறும். ஃபோனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்தாலும் இதே கதைதான். திரையில் எதுவும் அசையாவிட்டால் புது ஃபிரேமே எழுதப்படாது. ஒலியோ தன் பாட்டுக்குக் கடிகாரப்படி பதிவாகிறது. சில எடிட்டர்கள் எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுகின்றன. அப்போது இருட்டில் எடுத்த பகுதி வேகமாக ஓடி முந்திக்கொள்ளும். வெளிச்சமான பகுதியில் பின்தங்கும். இதை எந்த ஒற்றைச் சதவீதத்தாலும் சரிசெய்ய முடியாது. நான் வெட்டி வெட்டி நகர்த்தியதும் அதனால்தான்.

என் ஃபைல் மாறும் ஃபிரேம் ரேட் வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படி மாற்றுவது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். கான்ஸ்டன்ட் என்றால் நிலையானது, வேரியபிள் என்றால் மாறுவது. குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களும் அங்கேயே இருக்கும். இரண்டுக்கும் இடையே நூலிழை வித்தியாசம்தான் என்றால் பயப்பட வேண்டாம். பல ஃபோன்களில் அது சகஜம்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் போதும், அதுவும் இலவசம். வீடியோ என்ற பகுதியில் ஃபிரேம் ரேட்டை உங்கள் டைம்லைனின் எண்ணுக்கு வைத்து, கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பீக் ஃபிரேம் ரேட் என்றும் ஒன்று உண்டு. பல ஆயத்த அமைப்புகளில் அதுதான் தேர்வாகியிருக்கும். அது மேல் எல்லையை மட்டுமே கட்டும், கீழே இறங்குவதைத் தடுக்காது. அதை மாற்ற மறந்துவிட்டு, "ஹேண்ட்பிரேக் போட்டும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் பலர். தர அளவை 16 முதல் 18க்குள் வையுங்கள்; எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

ஷாட்கட், கேடென்லைவ் என்ற எடிட்டர்கள் இரண்டும் இப்படிப்பட்ட ஃபைலை உள்ளே கொண்டுவரும்போதே எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். அப்போது சரி சொல்லிவிடுங்கள். மாற்றும் வேலையை எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே செய்வது அவசியம். நூறு வெட்டு வெட்டிய பிறகு ஃபைலை மாற்றினால் ஒவ்வொரு வெட்டும் இடம் தவறும்.

அடுத்த முறை பதியும்போது ஐஃபோனில் கேமரா அமைப்புகளுக்குள் இருக்கும் ஆட்டோ எஃப்பிஎஸ் என்பதை அணைத்துவையுங்கள். எந்த ஃபோனாக இருந்தாலும் முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

குரலைத் தனி ரெக்கார்டரில் பதிந்தேன். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து ஃபிரேம் விலகுகிறது. இதுவும் அதேதானா?

இல்லை, இது இயல்பு. ஒவ்வொரு கருவியிலும் நேரத்தை அளக்க ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. இரண்டு படிகங்கள் அச்சுப் பிசகாமல் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகும். 30 ஃபிரேம் கணக்கில் அது ஐந்து ஃபிரேமுக்கு மேல்.

இதற்கு வேண்டிய திருத்தம் 100.005% போன்ற நுண்ணிய எண். பல எடிட்டர்களில் வேகப் பெட்டி தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான் ஏற்கும். அதனால் பேச்சில் இடைவெளி விழும் இடமாகப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள். மௌனத்தில் செய்த வெட்டு யார் காதிலும் விழாது. பாட்டுக் கச்சேரி போல இடைவெளியே இல்லாத பதிவுக்கு மட்டும் ஒலியின் கடைசி நுனியைப் பிடித்து நீட்டும் ரேட் ஸ்ட்ரெட்ச் கருவி நல்லது.

வேகத்தைக் கூட்டினால் குரல் அணில் கத்துவது போல் ஆகிறதே?

ஒலியை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு முழு ஸ்தாயி மேலே போய்விடும். சுருதியை அப்படியே வைத்திருக்கும் தேர்வு பெரும்பாலான எடிட்டர்களில் உண்டு: பிரீமியரில் மெயின்டெய்ன் ஆடியோ பிட்ச், ஐமூவியில் பிரிசர்வ் பிட்ச், கேப்கட்டில் பிட்ச். 80 முதல் 130% வரை குரல் இயல்பாகவே இருக்கும். 50%க்குக் கீழே எந்தத் தேர்வாலும் பேச்சைக் காப்பாற்ற முடியாது. ஒலியைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இசையையோ சுற்றுப்புறச் சத்தத்தையோ வையுங்கள்.

நீங்கள் வேகத்தைத் தொடாமலே குரல் கீச்சென்றோ கரகரவென்றோ இருந்தால், சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தது என்ற எண்ணைப் பாருங்கள். 44,100இல் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் ஏறக்குறைய 9% வேகமாகி, சுருதி ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். ஒலியை 48,000க்கு முறையாக மாற்றிக்கொண்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒரு கிளிப்பின் வேகத்தை மாற்றினால் அடுத்த கிளிப்பெல்லாம் கலைந்துவிடுகிறது.

வேகம் மாறினால் நீளம் மாறும். பத்து நொடி கிளிப் 40%இல் 25 நொடி ஆகும், 200%இல் ஐந்து நொடி. மெதுவாக்கும்போது பக்கத்தில் வேறு கிளிப் இருந்தால் சில எடிட்டர்கள் அதை நகர்த்தாமல், மெதுவாக்கிய கிளிப்பின் வாலை மறைத்துவிடும். ஷாட்டின் கடைசிப் பகுதி காணோமே என்று தேடுபவர்களுக்கு இதுதான் நடந்திருக்கும். பிரீமியரின் வேகப் பெட்டியிலும் ரிசால்வின் வேகப் பெட்டியிலும் ரிப்பிள் என்ற கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் பின்னால் இருப்பவை இடம் விட்டு நகரும். இசைக்கு ஏற்ப ஏற்கெனவே அடுக்கிவிட்டீர்கள் என்றால் டிக் செய்யாதீர்கள்.

புராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டைத் தவறாக வைத்துவிட்டேன். இப்போது மாற்ற முடியவில்லை.

ரிசால்வில் மீடியா உள்ளே வந்த பிறகு புராஜெக்ட் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். ஆனால் புதிதாக ஒரு டைம்லைன் தொடங்கும்போது, புராஜெக்ட் அமைப்பைப் பின்பற்று என்ற டிக்கை எடுத்துவிட்டால் வேறு எண் கொடுக்கலாம். ஐமூவியில் முதலில் போடும் கிளிப்தான் புராஜெக்ட்டின் எண்ணைத் தீர்மானிக்கும். எனவே உங்கள் பெரும்பாலான கிளிப்புகள் எந்த வகையோ, அதில் ஒன்றை முதலில் போடுங்கள்.

30இல் எடுத்ததை 24 டைம்லைனில் போட்டால் நொடிக்கு ஆறு ஃபிரேம் தூக்கி எறியப்படும். கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் அது தெளிவாகத் தெரியும். சினிமாத் தோற்றம் வேண்டும் என்பதற்காக 30இல் எடுத்ததை 24க்கு மாற்றாதீர்கள். 24 வேண்டுமென்றால் 24இல் எடுங்கள்.

பழைய 8 எம்எம் குடும்பப் படச்சுருளை டிஜிட்டலாக்கினோம். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். இதைச் சரிசெய்யலாமா?

கட்டாயம் செய்யலாம், செய்யவும் வேண்டும். இறந்துபோன ஒருவர் நடந்து வருவதை நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சுருளில் மட்டும்தான். அவர் நடந்த வேகத்திலேயே அவர் நடக்க வேண்டும்.

1932இல் வந்த ஸ்டாண்டர்ட் 8 படச்சுருளின் வழக்கமான வேகம் நொடிக்கு 16 ஃபிரேம். 1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8க்கு 18. ஸ்கேன் செய்பவர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் படமெடுத்து, 24, 25 அல்லது 30 என்று கோத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் அந்த அவசர நடை. ஸ்டாண்டர்ட் 8 சுருள் 24இல் கோக்கப்பட்டிருந்தால் 66.67%, 25 என்றால் 64% வையுங்கள். சூப்பர் 8க்கு 24இல் 75%, 25இல் 72%, 30இல் 60%.

அதற்கு முன்னால் அம்புக்குறி விசையால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் படம் மாறினால் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். இடையிடையே ஒரே படம் இரண்டு முறை வந்தால், ஸ்கேன் செய்தவர்கள் ஏற்கெனவே வேகத்தைச் சரிசெய்திருக்கிறார்கள், தொடாதீர்கள்.

அந்தக் கால வீட்டுக் கேமராக்கள் பலவும் சாவி கொடுத்து ஓட்டியவை. ஸ்பிரிங் தளரத் தளர வேகமும் மாறும். எனவே கணக்கு தொடக்கம்தான், முடிவைக் கண் சொல்ல வேண்டும். மனிதரின் சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 120 காலடி. யாராவது நேராக நடக்கும் காட்சியில் பத்து நொடிக்கு எத்தனை காலடி என்று எண்ணுங்கள். பதினேழு முதல் இருபதுக்குள் வந்தால் சரி. ஆப்டிகல் ஃப்ளோவை மட்டும் இங்கே போடாதீர்கள். சுருளின் துகளும் கீறலும் நடுவில் வரைந்த ஃபிரேம்களில் புழு மாதிரி நெளியும்.

ஸ்லோ மோஷனில் விளக்கு பளிச் பளிச்சென்று துடிக்கிறது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 240 ஃபிரேமில் எடுத்தால் அந்தத் துடிப்பே பதிவாகிவிடும். எடுத்த பிறகு இதை முழுதாகப் போக்குவது கடினம். பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

வேகத்தை நடுவில் மெல்ல மாற்றும்போது வெட்டு விழுந்தது போல் குலுங்குகிறது.

100%இலிருந்து 25%க்கு ஒரே புள்ளியில் இறங்கினால் குலுங்கத்தான் செய்யும். பிரீமியரின் டைம் ரீமேப்பிங்கில் அந்தப் புள்ளியில் இருக்கும் கீஃபிரேமை (மாற்றம் நடக்கும் இடத்தின் குறி) இரண்டாகப் பிளந்து இழுத்தால் சரிவு உண்டாகும். ரிசால்வில் ரீடைம் கர்வ், கேப்கட்டில் கர்வ். சரிவுக்கு அரை நொடியாவது கொடுங்கள். பிரீமியரின் டைம் ரீமேப்பிங் படத்தை மட்டுமே மாற்றும், ஒலியைத் தொடாது. பேச்சு இருக்கிற கிளிப்பில் அதை மறந்தால் உதடு விலகிவிடும்.

நடுக்கம் போக்கும் வார்ப் ஸ்டெபிலைசரும் வேக மாற்றமும் பிரீமியரில் ஒரே கிளிப்பில் சேராது. முதலில் ஒன்றைப் போட்டு, கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி டைம்லைனுக்குள் பொதிந்து), அதன் மேல் மற்றதைப் போடுங்கள்.

எடிட்டரில் பார்க்கும்போது மெதுவாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான் வருமா?

பெரும்பாலும் வராது. ஃபோன் வீடியோவில் எப்போதோ ஒரு ஃபிரேம்தான் முழுப் படம். மற்றவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் காட்ட கம்ப்யூட்டர் திணறுகிறது. பின்னோக்கி ஓடும் கிளிப்பில் இன்னும் மோசமாகத் திணறும். பிரிவியூ தரத்தைப் பாதி அல்லது கால் ஆக்குங்கள், அல்லது பிராக்ஸி (எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கிக்கொள்ளுங்கள். இந்தத் திணறலைப் பார்த்துவிட்டு வேகச் சதவீதத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

எக்ஸ்போர்ட் ஆன ஃபைலின் நீளத்தையும் டைம்லைனின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் சரியான வேகத்தில்தான் இருக்கிறது, தவறு பிளேயரில். விஎல்சியில் தெரியாமல் சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டியிருந்தால் வேகம் மாறியிருக்கும். சமக்குறி விசையை ஒரு முறை அழுத்தினால் இயல்புக்குத் திரும்பும். நீளம் ஒன்றாக இருந்தும் எந்தப் பிளேயரிலும் படம் தடுக்கினால், எக்ஸ்போர்ட் பெட்டியில் ஃபிரேம் ரேட் வேறு எண்ணாக இருக்கும். டைம்லைனின் எண்ணையே அங்கேயும் கொடுத்து மறுபடி எடுங்கள்.